அப்பாவுக்கு இதய பம்ப்: குடும்பக் குழுவில் பேசியது

கவிதா: டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். அப்பாவுக்கு எக்கோ ஸ்கேனில் இஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 15 சதவீதம்தான். மாத்திரையால் இனி பெரிதாக ஏறாதாம். வயதும் சிறுநீரகமும் சேர்ந்து மாற்று இதயத்துக்கு இடம் தரவில்லை. இதயத்தின் இடது பக்கத்தோடு சேர்ந்து இரத்தத்தைத் தள்ளும் எல்வேட் (LVAD) பம்ப் வைக்கலாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

பெரிய மாமா: இந்த வயதில் நெஞ்சைத் திறக்க வேண்டுமா அம்மா? அவ்வளவு செலவு செய்து எத்தனை நாள் தாங்கும்?

கவிதா: அதையேதான் நானும் கேட்டேன் மாமா. 2001இல் வந்த ஆய்வில் பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம் பேர் ஓராண்டைத் தாண்டினார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம்தான். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் பம்ப் வைத்தவர்களிலும் 23 சதவீதம் பேர்தான் மிஞ்சினார்கள். அந்தக் காலத்துப் பம்ப் தேய்ந்துவிடும். இப்போது வைக்கிற ஹார்ட்மேட் 3இல் சுழலும் பாகம் காந்த விசையில் மிதக்கிறது, எதிலும் உரசாது. அதை வைத்தவர்களில் 5 ஆண்டு கழித்தும் 58 சதவீதம் பேர் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

செந்தில்: செலவு எவ்வளவு வரும் அக்கா?

கவிதா: பம்ப், ஆபரேஷன், ஐசியூ எல்லாவற்றுக்கும் மதிப்பீடு எழுதித் தருகிறார்கள். எனக்குப் பயம் அதற்கு அப்புறம் வருவதுதான். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று அடிக்கடி ஐஎன்ஆர் இரத்த டெஸ்ட், டிரெஸ்ஸிங், சில வருஷத்தில் புது பேட்டரி. குடலில் இரத்தம் கசிந்தாலோ வயர் வெளியே வரும் இடத்தில் சீழ் வைத்தாலோ மறுபடி அட்மிஷன். பக்கவாத ஆபத்தும் உண்டு. இதையெல்லாம் சேர்க்காமல் கணக்குப் போடாதே.

மீனா அத்தை: வயரா? உடம்புக்கு வெளியேயா?

கவிதா: ஆமாம் அத்தை. மாதிரி பம்பைக் கையில் கொடுத்தார்கள், உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு வயர் வயிற்று வழியாக வெளியே வருகிறது. இடுப்பில் கன்ட்ரோலர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட்டரி. ஒன்றை மாற்றி முடித்த பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். மாற்றிப் பார்த்தேன், கழற்றியதுமே அலாரம் அடித்தது, கை நடுங்கிவிட்டது.

பெரிய மாமா: நாடி கூடத் தெரியாது என்கிறார்களே?

கவிதா: பல பேருக்குத் தெரியாதுதான் மாமா. பம்ப் விட்டுவிட்டுத் தள்ளாமல் தொடர்ந்து தள்ளுவதால் அப்படி. இன்னொரு விஷயம், அது இதயத்தின் இடது பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். வலது பக்கம் ஈடுகொடுக்குமா என்று வெள்ளிக்கிழமை டெஸ்ட். அது சரியாக இல்லையென்றால் நானே வேண்டாம் என்பேன். சரியாக இருந்தால் வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அப்பா: மூன்று தலையணை வைத்தும் மூச்சு முட்டுகிறது. இரண்டு மாதமாக நிமிர்ந்து உட்கார்ந்தேதான் தூங்குகிறேன். டெஸ்ட் நன்றாக வந்தால் வைத்துவிடுங்கள். ஆனால் கவிதா ஒருத்தி மேல் எல்லாவற்றையும் போடாதீர்கள்.

செந்தில்: சரிப்பா. வியாழன் இரவே வந்துவிடுகிறேன். அக்கா, டிரெஸ்ஸிங்கையும் பேட்டரி மாற்றுவதையும் எனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்.

கவிதா: சொல்லிவிட்டேன். டெஸ்ட் முடிந்ததும் நர்ஸ் நம் இருவருக்கும் சேர்த்தே சொல்லித் தருவார்.