மாண்டலின் மேற்பலகை உள்வாங்குகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் மொட்டைமாடி ஷெட்டில், தச்சு வேலை போக மிச்ச நேரத்தில் மாண்டலின் செய்து பழகுகிறேன். இது இரண்டாவது. முதலாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வீணைக்குப் பலா என்பதால் குடம், கழுத்து, மேற்பலகை எல்லாமே பலாவில் போட்டேன். மேற்பலகை தட்டை, 3 மி.மீ. கனம், அடியில் குறுக்கே ஒரே ஒரு சட்டம். நான்கு ஜோடிக் கம்பிகளையும் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்த அன்று நன்றாகத்தான் பேசியது. எட்டுக் கம்பியின் இழுவையும் சேர்ந்தால் சுமார் 70 கிலோ வருமே, மூன்றாம் நாள் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில் பலகை உள்வாங்கிவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இடுக்கில் பத்து ரூபாய் நாணயம் நுழைகிறது. ஈ கம்பி கழுத்திலுள்ள மெட்டுக் கட்டையில் உரசி இரைகிறது.

மாண்டலின் மேற்பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் மரம் தேடி மூலக்கடை பக்கம் மரக்கடைகளில் அலைந்தேன். கதவுக்கா, ஜன்னலுக்கா என்கிறார்கள்.

பலாவிலேயே 4 மி.மீ. வைத்து, எக்ஸ் வடிவில் சட்டம் கொடுத்தால் தாங்குமா? நாதம் அமுங்கிவிடுமோ என்று பயம். ஸ்ப்ரூஸ்தான் சரி என்றால், ஒற்றைப் பலகையாகச் சென்னையில் எங்கே கிடைக்கும்? அப்புறம், ஈரக்காற்றில் வச்சிரப் பசை இளகும் என்கிறார் பெரியப்பா. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒட்டியாக வேண்டும். பழைய மாண்டலினைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்பக்கப் படம் ஒன்று போட்டாலும் போதும்.