பனி பெய்யாத குல்மார்க்: அங்கேயே வாழ்பவர்களின் நிலை என்ன?

கேள்வி: குறிஞ்சிநிலம்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து வருகிறேன். காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில் 2024 சனவரியின் முதல் பாதியில் எடுக்கப்பட்ட படங்களை அண்மையில் வகுப்பில் காட்டினேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், ஆண்டின் மிகக் கடுமையான குளிர்காலத்தில், வெண்மையாக மூடிக்கிடக்க வேண்டிய சரிவுகள் அனைத்தும் காய்ந்த புல்லோடு பழுப்பேறிக் கிடந்தன. குளிர்காலத்தில் குல்மார்க் இவ்வளவு வறண்டு தாம் கண்டதில்லை என்று ஜம்மு காஷ்மீர் அரசியல் தலைவர் உமர் அப்துல்லா அப்போது சமூக ஊடகத்தில் எழுதியதையும் மாணவர்களுக்குச் சொன்னேன்.

அப்போது ஒரு மாணவி, "பார்க்க வந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்; அங்கேயே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை. பனி பொய்த்தால் சுற்றுலாவை நம்பியிருப்பவர்களில் யாருக்கு எந்த அளவுக்கு அடி விழுகிறது? பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பனி கொட்டிவிட்டால் இழந்தது ஈடாகிவிடுமா? காஷ்மீரை நேரில் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஜீலம்கரை

ஆசிரியருக்கு வணக்கம். பணியின் பொருட்டுக் குடும்பத்துடன் ஸ்ரீநகரில் வசித்து வருகிறேன். உங்கள் மாணவி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள்.

குல்மார்க்கின் குளிர்கால வருமானம் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு விடுதிகளும் கேபிள் காரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பனி பொய்த்த ஆண்டில் முதல் அடி விழுவது அவற்றின் மேல் அல்ல. கேபிள் காரின் முதல் கட்டம் இடைநிலையமான கோங்டூரி வரையிலும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அஃபர்வத் வரையிலும் செல்கிறது. கீழே புல் தெரிந்தாலும் உச்சியில் கொஞ்சமாவது பனி இருக்கும் என்ற நம்பிக்கையில் பயணிகள் அதில் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். கீழ்ச் சரிவுகளில் பயணிகளை ஸ்லெட்ஜ் எனும் சறுக்குவண்டியில் வைத்து இழுப்பவர்கள், பனிச்சறுக்கு கற்றுத்தருபவர்கள், அடிவாரத்துத் தங்மார்க்கில் கம்பூட்டும் கோட்டும் வாடகைக்கு விடுபவர்கள் ஆகியோரின் நிலை வேறு. தங்மார்க்கையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றாடம் கிடைப்பதுதான் கூலி. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஈட்டுவதைக் கொண்டுதான் பிள்ளைகளின் கட்டணம், மளிகைக் கடன், குதிரைத் தீவனம் எல்லாவற்றையும் சமாளிக்கிறார்கள். சறுக்குக் கருவிகளையோ பனிவண்டியையோ கடனில் வாங்கியவர்களுக்கு, பனி வந்தாலும் வராவிட்டாலும் தவணை தேதி மாறாது.

சில நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போகும் நம் ஊர்ப் பயணிகள் குதிரைச் சவாரியாவது செய்வார்கள். பனிச்சறுக்குக்காகவே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கி, வழிகாட்டி அமர்த்தி, ஒவ்வொரு நாளும் செலவு செய்பவர்கள். 2024 சனவரியில் முன்பதிவை முதலில் கைவிட்டவர்களும் அவர்களே. ஆகவே வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை சற்றே குறைந்ததுபோல் தெரியும்போதே, உள்ளூர்க்காரரின் கையில் சேரும் பணம் பலமடங்கு குறைந்திருக்கும். சுற்றுலாப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2023இல் ஜம்மு காஷ்மீருக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 95 லட்சம் பேர் ஜம்மு பகுதியிலுள்ள வைஷ்ணோ தேவி கோயிலுக்கு வந்தவர்கள். அந்தப் பெரிய எண் தங்மார்க் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

சுற்றுலாவோடு தொடர்பே இல்லாத வீடுகளையும் பனியில்லாக் குளிர்காலம் விட்டுவைப்பதில்லை. மேகமில்லாத வானத்தால் பகல் இதமாக இருந்தாலும் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஃபெரன் எனும் நீண்ட தளர்வான மேலங்கிக்குள், காங்ரி எனும் தணல் சட்டியை வைத்துக்கொண்டு உட்காரும் வழக்கம் அப்படியே தொடர்கிறது. காய்ந்த காற்றும் தூசும் சேர்ந்து குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருமலை நீங்கவிடாமல் வைத்திருக்கின்றன. ஆறுகளில் நீர் குறைவதால் நீர்மின் உற்பத்தி சரிகிறது, மின்வெட்டு நீள்கிறது. காய்ந்த காடுகளில் சனவரியிலேயே தீப்பிடித்த செய்திகளும் அந்த ஆண்டு வந்தன. பனிக்காகவும் மழைக்காகவும் பள்ளிவாசல்களில் சிறப்புத் தொழுகை நடத்தப்பட்டபோது, அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் விடுதி முதலாளிகள் அல்லர், உழவர்கள்.

மறுமொழி: வளிமண்டலம்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

காஷ்மீரின் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேலடுக்குக் காற்றோடு கிழக்கு நோக்கி நகரும் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். 2023 டிசம்பரிலும் 2024 சனவரியின் பெரும்பகுதியிலும் வலுவான இடையூறுகள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை எட்டவே இல்லை. டிசம்பர் மாத மழைப்பொழிவு வழக்கத்தைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில், பசிபிக் கடல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் நிலவியது. ஆனால் ஒவ்வொரு வறண்ட சனவரிக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பநிலை உயர உயர, முன்பு பனியாக விழுந்திருக்கக்கூடியது தாழ்ந்த இடங்களில் மழையாக விழுந்து ஓடிவிடுகிறது என்பதும் இதில் ஒரு பகுதி.

சனவரிக் கடைசியில் பனி வந்தது. பிப்ரவரி 21 முதல் 25 வரை குல்மார்க்கில் கேலோ இந்தியா எனும் தேசிய அளவிலான குளிர்கால விளையாட்டுகளும் நடந்தன. வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள்கள் நீளும் 'சில்லை கலான்' எனப்படும் உச்சக் குளிர்காலத்தில் விழும் பனி, கடுங்குளிரில் இறுகி, அடுக்கடுக்காகச் சேர்ந்து, கோடையில் மெல்ல மெல்ல உருகி ஓடைகளுக்கு நீர் கொடுக்கும். மார்ச்சில் விழும் பனிக்கு அந்த அவகாசம் கிடையாது. வெயில் ஏறியதும் சில வாரங்களில் ஓடிவிடும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் பயன் ஒன்றாகாது. மறு ஆண்டு, 2025இல், பனி போதாமையால் அதே விளையாட்டுகள் பிப்ரவரியிலிருந்து மார்ச் 9ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அந்தப் பிப்ரவரியில்தான் அனந்தநாக் மாவட்டத்து அச்சபல் தோட்டத்தின் புகழ்பெற்ற ஊற்றும் வற்றியது. விளையாட்டின் தேதியைத் தள்ளிவைக்க முடிந்தது. அந்த ஊற்றை நம்பியிருந்த ஊர்களின் குடிநீர்த் தேவையைத் தள்ளிவைக்க முடியவில்லை.

மறுமொழி: பழமண்டி

பழ வணிகத்தில் இருப்பவன் என்பதால் ஆப்பிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குல்மார்க்கின் இழப்பைப் பயணி உடனே பார்த்துவிடுகிறார். சோப்பூர், சோபியான் தோட்டங்களின் இழப்பு அறுவடையில்தான் தெரியவரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன் ஆப்பிள் விளையும் அந்தப் பள்ளத்தாக்கில், சுற்றுலாவைவிடத் தோட்டங்களை நம்பியிருக்கும் குடும்பங்களே அதிகம்.

ஆப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். வழக்கமான வகைகளுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரமாவது குளிர் தேவைப்படும். பிப்ரவரி வெப்பத்தை நம்பி மரம் முன்கூட்டியே பூத்துவிட்டால், ஏப்ரலில் வரும் உறைபனியும் ஆலங்கட்டியும் பூவை அழித்துவிடும். அண்மைக் காலத்தில் மானியத்துடன் பரவிவரும், மரங்களை நெருக்கமாக நடும் அடர்நடவுத் தோட்டங்களின் குட்டை மரங்களுக்கு ஆழமான வேர் இல்லாததால், மண்ணில் ஈரம் குறையும்போது பழைய மரங்களைவிட அவை விரைவில் வாடுகின்றன. நெல்லுக்கும் இதே கதிதான். வறண்ட குளிர்காலத்துக்குப் பின் 2018இல், பாசன நீர் கிடைக்காது என்பதால் அந்தப் பருவத்தில் நெல் பயிரிட வேண்டாமென வட காஷ்மீர் உழவர்களுக்குப் பாசனத் துறையே அறிவுறுத்தியது.

குறிஞ்சிநிலம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆல்ப்ஸ் மலையூர்களில் செய்வதுபோல் இயந்திரங்களால் பனி தயாரித்துச் சறுக்குச் சரிவுகளையாவது காப்பாற்ற முடியாதா என்று வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள். அதற்கு என்ன விடை சொல்வது?

வளிமண்டலம்:

இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. உத்தராகண்டின் ஔலியில், 2011இல் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகப் பனி தயாரிக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. ஆனால் அவை வேலை செய்யக் குளிர்ந்த, உலர்ந்த காற்று வேண்டும். இரண்டு கன மீட்டர் பனிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் நீர் வேண்டும். அதை அழுத்தத்துடன் இறைக்க மின்சாரம் வேண்டும். குல்மார்க்கின் இரவுக் குளிர் இதற்குப் போதுமானதே. நீரும் மின்சாரமும்தான் சிக்கல்.

ஜீலம்கரை:

அதோடு ஒன்று. அப்படித் தயாரிக்கும் பனி, போட்டி நடக்கும் ஒன்றிரண்டு சரிவுகளைக் காப்பாற்றலாம். ஸ்லெட்ஜ் இழுப்பவர் வண்டியை ஓட்டும் திறந்த புல்வெளி முழுவதையும் மூடப் போதாது. தங்மார்க் பக்கத்தில் குடிநீர்க் குழாய்கள் வறண்டு கிடக்கும் சனவரியில், ஓடை நீரைச் சரிவுக்கு ஏற்றுவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று கேட்டால், சறுக்குப் பயிற்சியாளரின் வீட்டிலேயே வீட்டுக்கு என்றுதான் சொல்வார்கள்.