பொருள்: சூப்பர்நோவா வெடித்தபின் மிஞ்சுவதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது)

திருகோணமலை உப்புவெளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வானியல் கழகப் பிள்ளைகளுக்கு அவதானிப்புப் பதிவேடு ஒன்று அடிக்கிறோம். திகதி, நேரம், தொலைகாட்டி, முகில் மூட்டம், பொருள், வகை, குறிப்பு என்று நிரல்கள். மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. 'வகை' நிரலில் மட்டும் சிக்கல். விண்மீன் கொத்து, கோள்வடிவ நெபுலா என்பவற்றுக்குப் பழகிய சொல் இருக்கிறது. சூப்பர்நோவாவில், அதாவது ஒரு விண்மீன் தன் இறுதியில் வெடிக்கும்போது, சிதறிப் பரவும் வாயுக்கூட்டத்துக்கு ஆளுக்கொரு சொல் சொல்கிறார்கள்.

வாடை மழை ஓய்ந்து மாசி பிறந்ததும் நாங்கள் முதலில் காட்டுவது அப்படியான வாயுக்கூட்டமான நண்டு நெபுலாவைத்தான். இரவு எட்டு மணியளவில் இடபம் தலைக்கு மேலே நிற்கும். ரோகிணியில் தொடங்கி எருதின் கொம்பு வழியே போய், கொம்பு நுனியிலுள்ள ஸீற்றா டோரி என்ற விண்மீனிலிருந்து ஒரு பாகை அளவு வடமேற்கே தள்ளிப் பார்க்க வேண்டும். போன முறை ஒரு மாணவி குறிப்பு நிரலில் எழுதியது இது: "ஈரத்துணியில் சுண்ணாம்புப் பொடி ஒட்டின மாதிரி. நேரே பார்த்தால் இல்லை, ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கு." இதைவிட நன்றாக நான் எழுதமாட்டேன். ஆனால் வகை நிரலில் "வெடிச்ச நட்சத்திரம்" என்று போட்டிருந்தாள்.

ஒரு சொல் தாருங்கள். 2 சென்ரிமீற்றர் நிரலுக்குள் அடங்க வேண்டும்.

சென்னையிலிருந்து:

இதற்கு ஏன் புதுச்சொல்? 'மீயொளிர் விண்மீன் வெடிப்பு எச்சம்' என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். மீ என்னும் முன்னொட்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம், அது தொலைகாட்டி அல்ல, தொலைநோக்கி. காட்டுவது யார், நோக்குவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்புவெளி ஆசிரியை:

ஐயா, உங்கள் சொல் என் நிரலைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தொலைகாட்டி எங்கள் பாடநூல் சொல், அதை விட்டுவிடுவோம்.

கிண்ணியாவிலிருந்து:

ரீச்சர், 'எச்சம்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தீர்களா? நான் சொன்னேன். பின்வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர்களுக்கு எச்சம் என்றால் காகம் சட்டையில் போடுவது.

'வெடிமீன்' என்று சுருக்கமாக வைப்போமா என்று யோசித்தேன். விண்மீன், வெடிமீன், மோனையும் பொருந்துகிறது. ஆனால் நம் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டால் டைனமைட் போட்டுப் பிடிக்கிற மீன்தான் நினைவுக்கு வரும். நானே மீளப் பெறுகிறேன்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், காகத்துக்குப் பயந்து ஒரு நல்ல சொல்லைக் கைவிடலாமா? எஞ்சு என்னும் வினையடியில் பிறந்தது எச்சம். எச்சிலும் அதன் உடன்பிறப்பே. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்றே பெயர் வைத்தார். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சம் பத்து. இவற்றுள் வானத்து எச்சம் எதனோடு சேரும்? பெயரெச்சம் என்பேன். 'வெடித்த' என்று நிற்கிறது. எது வெடித்தது என்று நாம் தேடுகிறோம். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்ற குறளும் இங்கே பொருந்தும். மிஞ்சியதைப் பார்த்தே இருந்தவரை அறிகிறோம்.

ஆயினும் என் தெரிவு வேறு. சிதர். சிதறுதலும் துளியும் அதன் பொருள். பொருநராற்றுப்படையில் 'துன்னற் சிதாஅர்' என்று கிழிந்து தைத்த கந்தல் வருகிறது. கிழிந்த துணி போல் கிடக்கும் வாயுவுக்குச் சிதர்முகில் என்பதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

மூதூரிலிருந்து:

சித்தர்முகில் என்று வாசித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும் ஐயா.

மொன்றியலிலிருந்து:

புலவர் ஐயாவின் குறள் பொருத்தம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வாயுவின் நிறமாலையைப் பார்த்துத்தான் அந்த விண்மீன் எப்படிப்பட்டது என்று ஊகிக்கிறார்கள். நண்டு நெபுலா விநாடிக்குச் சுமார் 1500 கிலோமீற்றர் வேகத்தில் விரிகிறது. அந்த விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், சீனர்கள் அந்த வெடிப்பை 'விருந்தாளி விண்மீன்' என்று குறித்துவைத்த 1054ஆம் ஆண்டை விடப் பல பத்தாண்டுகள் பிந்திய காலம் வரும். நடுவிலிருக்கும் துடிவிண்மீன் (பல்சர்) தள்ளுவதால் வாயு ஆர்முடுகுகிறது, அதாவது வேகம் கூடுகிறது என்பதே காரணம்.

இங்கேதான் சிக்கல். அந்தத் துடிவிண்மீன் ஒரு நியூத்திரன் விண்மீன், விநாடிக்கு 30 தடவை சுழல்கிறது. அதுவும் எச்சம்தான். விண்மீன் இறந்தபின் மிஞ்சும் கருவான வெண்குறளி, நியூத்திரன் விண்மீன், கருந்துளை மூன்றையும் சேர்த்து 'விண்மீன் எச்சம்' என்கிறோம். வெளியே பரவும் வாயுவையும் அதே பெயரால் அழைத்தால், நண்டுக்குள் இரண்டு எச்சம் இருக்கும். எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. எனவே வாயுவுக்கு 'எச்சமுகில்', கருவுக்கு வெறும் 'எச்சம்' என்று பிரிக்கலாம்.

உப்புவெளி ஆசிரியை:

எச்சமுகில் எனக்கும் பிடித்திருந்தது, நேற்றிரவு வரை. ஆனால் பதிவேட்டில் 'முகில் மூட்டம்' என்று ஒரு நிரல் இருக்கிறதே. ஒரு பிள்ளை 'முகில் தெரியவில்லை' என்று எழுதினால் வானம் வெளித்திருந்தது என்பதா, நெபுலா அகப்படவில்லை என்பதா? வாடைக்காலத்தில் இரண்டுமே நடக்கும்.

சென்னையிலிருந்து:

அதற்குத்தான் ஒண்முகில் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒளியுடைய முகில். குழப்பமே வராது.

மொன்றியலிலிருந்து:

ஒளி எங்கே ஐயா? நம் பால்வழியில் பட்டியலிட்ட இப்படியான பொருட்கள் சுமார் 300. பெரும்பாலானவை வானொலித் தொலைகாட்டியில் அகப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளி பலவற்றில் இல்லவே இல்லை. அந்தப் பட்டியலில் முதற்பெயரே பால்வழி ஆள்கூறுதான், அதாவது இடத்தைக் காட்டும் எண்கள். நண்டு அங்கே ஜி 184.6−5.8. ஓடு வகை, நடுவும் நிரம்பிய நிறை வகை, இரண்டும் கலந்த வகை என்று தரம் பிரித்திருப்பார்கள். நண்டு நிறை வகை.

மூதூரிலிருந்து:

வானியலாளர் மெசியேயின் பட்டியலிலுள்ள 110 பொருட்களில் சூப்பர்நோவா வகை நண்டு ஒன்றுதான். ஒரே ஒரு பொருளுக்காகவா இவ்வளவு சண்டை?

உப்புவெளி ஆசிரியை:

ஒன்று அல்ல. புரட்டாசியில் திரை நெபுலா, என்.ஜி.சி. என்ற பட்டியலில் 6960உம் 6992உம். வில்லியம் ஹேர்ஷல் 1784இல் கண்டது. ஒட்சிசன் வடிகட்டி போட்டால் நண்டைவிட அது நன்றாக எடுக்கும். மாசியில் தெற்கே வேலா என்ற இன்னொரு வாயுக்கூட்டம். எங்களுக்கு 36 பாகை உயரம் வரை எழும்பும். வடக்கு ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது. அது மங்கல், எங்கள் தொலைகாட்டியில் எடுக்குமோ தெரியாது. நிரல் மட்டும் தயாராக இருக்கட்டும்.

தம்பலகாமம்:

மெசியே என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவர் 1758இல் வால்வெள்ளியைத் தேடும்போது இதைக் கண்டு ஏமாந்து, இனி யாரும் ஏமாறக்கூடாது என்றுதானே பட்டியல் தொடங்கினார்? நம்மவர் வால்வெள்ளியைப் புகைக்கொடி என்றனர். சிலம்பில் 'கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்' என்று வரும். அப்படியானால் வாலில்லாத புகைக்குப் 'புகைமீன்'...

கிண்ணியாவிலிருந்து:

ஐயா, அப்படி வைத்தால் மெசியேயின் குழப்பத்தை நாங்களே தமிழில் திரும்ப உண்டாக்குவோம். ஏற்கெனவே ஒரு குழப்பம் போதும். நண்டு நெபுலா இடபத்தில் இருக்கிறது என்றால், "சேர், நண்டு கடக ராசியில் அல்லவா?" என்று ஒரு பிள்ளை எழும்பும். ரோஸ் பிரபு 1840களில் வரைந்த படத்தில் நண்டுக்கால் போலத் தெரிந்ததால் வந்த பெயர் என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து:

நண்டுக்குப் பழைய சொல்லான அலவனை எடுத்து அலவன் நெபுலா என்று வைத்திருக்கலாம்.

மூதூரிலிருந்து:

வேண்டாம்!

கனடாவிலிருந்து (இன்னொருவர்):

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. ஊர்க்காரன் என்றபடியால் ஒன்று. திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் பழைய கோயில் தூண்கள் கிடக்கின்றன, 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தவை. போர்த்துக்கேயர் இடித்ததில் மிஞ்சியது. அதை எச்சம் என்றா சொல்கிறோம்? இடிபாடு என்கிறோம். 'விண்மீன் இடிபாடு' எப்படி?

மொன்றியலிலிருந்து:

இடிபாடு விழுந்த இடத்தில் கிடக்கும். இது 900 வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் கடைசி யோசனை: வெடிப்பெச்சம். சின்னது, தமிழ், விண்மீன் எச்சத்தோடு மயங்காது.

மூதூரிலிருந்து:

இதற்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வெடிப்பெச்சம் என்றால் மிதிவெடி அகற்றும் இடத்துச் சிவப்புப் பலகைதான் கண்ணுக்கு வரும். பெற்றோர் கையில் அந்தப் பதிவேட்டைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மொன்றியலிலிருந்து:

விளங்குகிறது. எடுத்துவிடுங்கள்.

உப்புவெளி ஆசிரியை:

அச்சகத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். 'சூப்பர்நோவா எச்சம்' என்று போடுகிறேன், நிரலில் 'சூ. எச்சம்'. கருவைக் குறிக்கும்போது 'விண்மீன் எச்சம்' என்று முழுதாகவே எழுத வேண்டும் என்று அடிக்குறிப்பு போடுகிறேன். பின்வரிசை சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்த சொல் பரீட்சையில் மறக்காது. கிண்ணியா, மூதூர், மொன்றியல் ஒத்துக்கொண்டார்கள். சென்னை ஐயா பதில் எழுதவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து:

சம்மதமில்லை. சூப்பர்நோவா தமிழா? இன்னும் பத்து வருடத்தில் பிள்ளைகள் 'ரெம்னன்ட்' என்றே எழுதப்போகிறார்கள், அதற்கு வழி திறந்துவிட்டீர்கள். ஆனால் அச்சகத்தை நிறுத்த வேண்டாம்.

தம்பலகாமம்:

எனக்கு ஓர் ஐயம். திருவாதிரை ஒருநாள் இப்படி வெடிக்கும் என்கிறார்கள். அது எம்பெருமானின் நட்சத்திரம். மார்கழியில் கோணேசர் சந்நிதியில் திருவெம்பாவை பாடிவிட்டு வெளியே வந்து, அதோ எச்சம் என்று கை நீட்டுவேனா?

மொன்றியலிலிருந்து:

அதற்கு இன்னும் ஒரு லட்சம் வருடமும் ஆகலாம் ஐயா.

தம்பலகாமம்:

தமிழ் அதுவரை இருக்கும். பதிவேட்டில் உங்கள் சொல்லே இருக்கட்டும். சனிக்கிழமை வகுப்பில் நான் சிதர்முகில் என்றுதான் சொல்லப்போகிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

சொல்லுங்கள் ஐயா. சித்தர்முகில் என்று எழுதும் தாள்களை உங்களிடமே திருத்த அனுப்புகிறோம்.