தருமபுரி கடைவீதிப் பக்கம் 30 அடி தெரு: வண்டி நிறுத்த என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி: தருமபுரி வியாபாரி
கடைவீதியிலிருந்து பிரியும் எங்கள் தெரு, சாக்கடை மூடி நீங்கலாக 30 அடி அகலம். ரெண்டு பக்கமும் பைக், இடையிடையே கார், 11 மணிக்கு லோடு வண்டி. முகூர்த்த நாளில் நடக்கவே வழியில்லை. வியாபாரிகள் சேர்ந்து செலவு செய்யத் தயார். கோடு போடுவதா, காலி மனை பிடிப்பதா, காரை மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைப்பதா? எது முதலில்?

பதில்: சாலைக்கோடு
முதலில் கணக்கெடுங்க. காலை 9 முதல் இரவு 9 வரை அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கிற வண்டிகளின் நம்பரில் கடைசி நாலு எண்ணை வரிசையா எழுதுங்க. சாதாரண நாள் ஒண்ணு, முகூர்த்த நாள் ஒண்ணு. காலைத் தாளில் உள்ள நம்பர் சாயங்காலத் தாளிலும் இருந்தா அது வாடிக்கையாளர் வண்டி இல்ல. முதலாளி, வேலையாள், இல்லன்னா பஸ் ஏறிப் போனவர். கடை வாசலில் ஒரு பைக் 10 மணி நேரம் நின்னா, அரை மணி வந்து போகிற 20 பேருக்கு அந்த இடம் போச்சு. இந்த வண்டிகளை வெளியே எடுக்காம கோடு போட்டா, கோட்டுக்குள்ளயும் அதே வண்டிதான் நிற்கும்.

அப்புறம் அளவு. கடையைப் பார்த்து நேரா நிறுத்தும் பைக்குக்கு 6.5 அடி ஆழம், 3 அடி அகலம். தெருவோட்டமா நிறுத்தும் காருக்கு 8 அடி அகலம், 20 அடி நீளம். ஒரு பக்கம் பைக், மறுபக்கம் கார்னா நடுவில் மிச்சம் 15.5 அடி, ஒருவழிப் பாதையா இருந்தாத்தான் சரிப்படும். இருவழின்னா ஒரு பக்கம் பைக் மட்டும். காரை 45 டிகிரி சாய்வா நிறுத்த 17 அடிக்கு மேல் ஆழம் வேணும், இந்தத் தெருவுக்கு ஆகாது. ஒரு கார் இடத்தில் 6 பைக் நிற்கும்ங்கறதையும் யோசிங்க. சரக்கு இறக்குவது 9 மணிக்குள் முடியட்டும்.

பதில்: மனைக்கணக்கு
வேலையாட்கள் வண்டிக்கு 40க்கு 60 மனை ஒன்றை மாத வாடகைக்குப் பிடியுங்கள். 40 அடிப் பக்கம் வாசல் இருந்தால் 60 அடி நீளத்தில் நாலு வரிசை, ரெண்டு ரெண்டு வரிசைக்கு நடுவே 6 அடி வழி. வாசல், தூண் போக 70 பைக் நிச்சயம். மண் தரையாகவே விட்டுவிடாதீர்கள். மழையில் சைடு ஸ்டாண்டு புதைந்து ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாயும். முழுத் தரைக்கும் பணம் இல்லையென்றால், ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில் மட்டும் ஓரடி அகலத்துக்கு கான்கிரீட் பட்டை போதும்.

லிஃப்ட் வாடிக்கையாளருக்கு உதவாது. சாதாரண இரண்டடுக்கில் கீழ்க் காரை எடுத்தால்தான் மேல் கார் இறங்கும். ஒரே குடும்பத்துக்காரர்களுக்கு அது சரி. கார் நிற்கும் தட்டு பக்கவாட்டில் நகரும் வகையில், மூன்று கார் அகலத்துக்கு இரண்டடுக்கு வைத்தால் 6க்குப் பதில் 5 கார்தான். கீழே ஓர் இடம் எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். கூரை உயரம் 12 அடியாவது வேண்டும், த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும், மின்சாரம் போனால் காத்திருக்க வேண்டும்.

தருமபுரி வியாபாரி
நன்றிங்க. "நோ பார்க்கிங்" போர்டை நாங்களே வைக்கலாமா?

பதில்: சாலைக்கோடு
வைத்தாலும் அதை நம்பி அபராதம் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117 படி நிறுத்துமிடத்தைத் தீர்மானிப்பது அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோதான், உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. கணக்கெடுத்த தாள், அளவு போட்ட தெரு வரைபடம், கடைக்காரர்கள் கையெழுத்து மூணையும் சேர்த்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்க. நகல் நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும். கோடு போடும்போது சாதா பெயின்ட் வேண்டாம், சூடாக்கி ஊத்தும் தெர்மோபிளாஸ்டிக் கேளுங்க. அதுக்கு முன்னாடி சாலையில் தூசி, எண்ணெய் இல்லாமப் பார்த்துக்கணும், இல்லன்னா சீக்கிரமே உரிஞ்சிடும்.