சீமைக்கருவேல விறகில் மின்சாரம்: நல்லதா?

முதுகுளத்தூர்க்காரன்:
கண்மாயை ஒட்டிய எங்கள் மூன்று ஏக்கர் பட்டாவில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அப்பா காலத்தில் வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். இப்போது உயிரிப்பொருள் மின்நிலையத்துக்கு என்று வியாபாரி விலை பேசுகிறார். எரித்தால் எல்லாம் புகைதானே? நிலக்கரியைவிட இது எப்படி மேல்?

கரிசல் விவசாயி:
விறகு விடும் கரியமில வாயு, மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்ததுதான். தூரை விட்டு வெட்டினால் சில வாரத்திலேயே துளிர்த்துவிடும். சில வருடத்தில் மறுபடி விறகு, விட்டதை இழுத்தும்விடும். நிலக்கரிக்கு அந்த வழியே இல்லை. ஆனால் நூறு வருட மரத்தை வெட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அது விட்ட வாயுவைப் புது மரம் திரும்ப இழுக்க வேண்டிய கடன் நம் ஆயுளில் அடையாது.

மேட்டுக்காட்டு அக்கா:
ஈர விறகை ஏற்றாதீர்கள் தம்பி, சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நன்றாகக் காயட்டும். லாரி வெகுதூரம் போனாலும் டீசல் லாபத்தைத் தின்றுவிடும். இலை, சிம்பு எல்லாம் மண்ணிலேயே கிடக்கட்டும்.

முதுகுளத்தூர்க்காரன்:
சரி அக்கா. கண்மாய்ப் பக்கம் மட்டும் வேரோடு பிடுங்கி நாட்டுக்கருவேலம் வைக்கலாம் என்றிருக்கிறேன். அப்பா நட்ட ஒன்று இன்னும் நிற்கிறது, ஆடுகள் அதன் காய்க்காகவே காத்திருக்கும்.