வீட்டில் செய்த சோப்பு 3 நாளாகியும் இறுகவில்லை, மேலே எண்ணெய் நிற்கிறது

நுரைதேடி:
செலவைக் குறைக்கலாம் என்று எண்ணி, அடுப்பில் காய்ச்சாத குளிர்முறையில் முதன்முறையாகச் சோப்பு செய்தேன். குறிப்பிலிருந்த அளவுகளை அப்படியே பின்பற்றினேன். அச்சில் ஊற்றியது இன்னும் களிம்பாகவே இருக்கிறது. மேலே எண்ணெய் படலமாக நிற்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? விரைவாகச் சொன்னால் நல்லது.

அடுக்களைக்காரி:
எந்த எண்ணெய், எத்தனை கிராம், காரம் (எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக்) எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தராசில் நிறுத்தீர்களா அல்லது டம்ளரில் அளந்தீர்களா? இவை தெரியாமல் யாரும் உருப்படியாக எதையும் சொல்ல முடியாது.

மத்துக்கட்டை:
கலக்கியது போதவில்லை. கரண்டியை இழுத்தால் மேற்பரப்பில் அதன் தடம் அழியாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்பே அச்சில் ஊற்றினால் எண்ணெய் பிரியத்தான் செய்யும். சோப்பு கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் அவர்களுடைய கையைத்தான் சந்தேகிப்பேன்.

ஈரக்காற்று:
காஸ்டிக் சோடா பழையதாக இருக்கலாம். மூடாமல் வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிச் சிறிது சிறிதாகச் சலவைச் சோடாவாக மாறிவிடும். சலவைச் சோடாவோ எண்ணெயைச் சோப்பாக்காது.

நுரைதேடி:
தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் 87 கிராம், தண்ணீர் 190 கிராம். எல்லாவற்றையும் மின்தராசில் நிறுத்தேன். பொட்டலம் புதியது. தடம் நிற்கும்வரை கலக்கினேன். கையில் ஒரு துளி தெறித்தது. உடனே வினிகர் ஊற்றிக்கொண்டேன்.

தராசுமுள்:
இந்த விவரங்களை முதலிலேயே எழுதியிருந்தால் நான்கு பேருடைய நேரம் மிஞ்சியிருக்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 500 கிராமுக்கு 91.5. தோலுக்கு இதமாக 5 சதவீதம் குறைத்தால் 87. கணக்கில் பிழை இல்லை. அடிப்படை வேதியியலைப் படித்துவிட்டுச் செய்வதே முறை.

ஈரக்காற்று:
வினிகர் ஊற்றியது நல்ல காரியம். அமிலம் காரத்தை முறித்துவிடும்.

அடுக்களைக்காரி:
தோலின் மேல் அதைச் செய்யாதீர்கள். முறியும்போதே வெப்பம் பிறக்கும்; புட்டியைத் தேடுகிற நேரத்தில் காரமும் உள்ளே இறங்கும். குழாயைத் திறந்து, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுவதே சரி.

ஈரக்காற்று:
நான் பல ஆண்டுகளாக வினிகரைத்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அடுக்களைக்காரி:
சிந்திய மேடையைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. நுரைதேடி, உங்கள் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை எழுத்து விடாமல் சொல்லுங்கள். கணக்கும் கலக்கலும் சரியென்றால் பொருளின் மேல்தான் ஐயம் வருகிறது.

நுரைதேடி:
பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தூய்மை 90 சதவீதம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அடுக்களைக்காரி:
அதுதான் காரணம். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. கட்டிச் சோப்பு அதில்தான் வரும். உங்களிடம் இருப்பது காஸ்டிக் பொட்டாஷ்; அதில் களிம்புச் சோப்பு அல்லது நீர்ச்சோப்புதான் வரும். தவிர, பொட்டாஷ் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கு தேவைப்படும். தூய்மையையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் எண்ணெய்க்கு 136 கிராம் அளவில் வேண்டும். நீங்கள் இட்டது 87 என்பதால், மாறாமல் மிஞ்சிய எண்ணெய்தான் மேலே நிற்கிறது. குறையும் 49 கிராமை 100 கிராம் தண்ணீரில் கரையுங்கள். காரத்தைத்தான் தண்ணீரில் இட வேண்டும், தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் களிம்போடு சேர்த்து, மிகக் குறைந்த தீயில் சில மணி நேரம் காய்ச்சுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். சிறிதளவை வெந்நீரில் கரைத்துப் பார்க்கும்போது எண்ணெய் மிதக்காவிட்டால் வேலை முடிந்தது. கட்டியாகாது, ஆனால் பாத்திரம் துலக்க நன்றாக உதவும்.

தராசுமுள்:
நான் சொன்ன 0.183 சோடியத்துக்கானது என்பது வேதியியல் அறிந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

நுரைதேடி:
காய்ச்சினேன். எண்ணெய் மறைந்தது. நன்றி.

மத்துக்கட்டை:
காய்ச்சும்போது எவ்வளவு நேரம் கலக்கினீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.