புதுச்சேரியில் கட்சித் தலைவர்: டெல்லி கடிதமா, உறுப்பினர் ஓட்டா?

முத்தியால்பேட்டை:
கனடாவில் ஒன்டாரியோ மாகாண லிபரல் கட்சியில் நடந்ததைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போனி குரோம்பி 2023 டிசம்பரில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரானவர். 2025 பிப்ரவரி மாகாணத் தேர்தலில் கட்சிக்கு 14 இடம்தான் கிடைத்தது, அவரே தன் தொகுதியில் தோற்றார். செப்டம்பரில் கட்சிக் கூட்டத்தில் அவர் தொடரலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். 57 சதவீதம் பேர் ஆதரவு. பாதிக்கு மேல் கிடைத்தும், இது போதாது என்று அன்றைக்கே விலகுவதாகச் சொல்லிவிட்டார்.

நம்ம பாண்டியில் தேசியக் கட்சி என்றால் டெல்லியிலிருந்து கடிதம் வரும், திராவிடக் கட்சி என்றால் சென்னையிலிருந்து அறிக்கை வரும். 2025 ஜூனில் பா.ஜ.க. மாநிலத் தலைவர் தேர்தலில் வேட்புமனு, தேர்தல் அதிகாரி எல்லாம் இருந்தும் மனு போட்டது ஒருவர்தான். வீடு வீடாகப் போய் பூத் ஸ்லிப் கொடுக்கிற தொண்டனை எந்தக் கட்சியும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என் யோசனை இது. மாநிலத் தலைவரை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும். தொகுதிக்கு 100 புள்ளி, 30 தொகுதிக்கு 3,000. ஒரு தொகுதியில் பதிவான ஓட்டில் 60 சதவீதம் வாங்கினால் 60 புள்ளி. அப்போது கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும் பாண்டியை ஒட்டிய வில்லியனூரும் சமம். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வில்லியனூர் வக்கீல்:
எதிர்க்கிறேன். முதலில் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்சியைப் பதிவு செய்ய அரசியலமைப்புக்கு விசுவாசம் தெரிவிக்கச் சொல்கிறதே தவிர, தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உள்கட்சித் தேர்தல் விவரத்தைத் தேர்தல் ஆணையம் கேட்கிறது, கட்சிகளும் காகிதம் கொடுக்கின்றன. அதற்கு மேல்? 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சில விதிவிலக்குகள் தவிர, கட்சி கொடுத்த உறுதிமொழியை மீறினாலும் பதிவை ரத்து செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. 1999-லேயே சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் உள்கட்சி ஜனநாயகத்துக்குத் தனிச் சட்டம் கேட்டது, இன்றுவரை வரவில்லை. ஆக நீங்கள் சொல்லும் தேர்தலில் முறைகேடு நடந்தால் தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது.

அடுத்தது உறுப்பினர் பட்டியல். ஒரு கட்சியின் (பெயர் வேண்டாம்) உறுப்பினர் சேர்க்கைப் படிவக் கட்டு ஒரு வழக்குக்காக என் மேசைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தை வரிசை மாறாமல் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். வீட்டு எண், தந்தை பெயர், வயது எல்லாம் சரி. கையெழுத்துக் கட்டத்தில் மட்டும் ஒரே சாய்வு, ஒரே நீலப் பேனா. அந்தத் தெருவில் இறந்துபோன ஒருவரும் அந்தக் கட்சியின் உறுப்பினர். இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து நேரடித் தேர்தல் என்றால், தலைவரைத் தேர்ந்தெடுப்பது படிவம் எழுதியவர்தான், உறுப்பினர் இல்லை.

திருநள்ளாறு:
வக்கீல் சார் சொல்றது நியாயம்தான், ஆனா காரைக்கால்லேர்ந்து பாருங்க. ஃபரூக் மரைக்காயர் எங்க ஊர்க்காரர், 1967-ல 29 வயசுல முதலமைச்சர் ஆனவர். முதலமைச்சரா இருந்த ப.சண்முகமும் எங்க பக்கத்து ஆள். அதெல்லாம் பழைய கதை. இப்ப எந்தக் கட்சியிலயும் தலைவர் பேச்சு வந்தா பாண்டியில நாலு தெருவுக்குள்ளயே பேசி முடிச்சிடறாங்க. கூட்டம்னா காங்கிரஸ் ஆபீஸ் இருக்கிற வைசியாள் வீதிக்கு நாங்கதான் 130 கிலோமீட்டர் வரணும். வந்தா ஒரு துணைத் தலைவர் பதவியக் குடுத்து அனுப்புவாங்க.

ஓட்டுன்னு ஒண்ணு வந்தா எங்க அஞ்சு தொகுதிக்கும் ஆள் வந்துதான் ஆகணும். 500 புள்ளி சும்மா இல்ல. தலைவர் ஆகணும்னு நினைக்கிறவர் நெடுங்காட்டுக்கும் நிரவிக்கும் வந்து வாய்க்காலப் பத்திப் பேசுவார். அதுக்காகவே நான் முத்தியால்பேட்டை அண்ணன் பக்கம்.

நெல்லித்தோப்பு மூத்தவர்:
நான் காங்கிரஸ்ல வட்டாரக் கமிட்டியில இருந்தவன். நடந்ததச் சொல்றேன், நீங்களே பாருங்க.

2008-ல முதலமைச்சரா இருந்த ரங்கசாமிய மாத்தணும்னு டெல்லிக்குப் போயி நின்னாங்க. மாத்தினாங்க. வைத்திலிங்கம் முதலமைச்சர் ஆனார். தொண்டன யாரும் கேக்கல. 2011 பிப்ரவரியில ரங்கசாமி என்.ஆர். காங்கிரஸ் ஆரம்பிச்சார், ஏப்ரல்ல தேர்தல், 15 இடம், மே மாசம் ஆட்சி. மூணே மாசம். எங்க தெருவுல கை சின்னம் வரைஞ்ச அதே பையன் ஜக்கு சின்னம் வரைஞ்சான்.

2016-ல மாநிலத் தலைவர் நமச்சிவாயம். ஊர் ஊரா அலைஞ்சு 15 இடம் வந்தது. தேர்தல்ல நிக்காத நாராயணசாமி முதலமைச்சர் ஆனார். அப்புறம் அவருக்காக எங்க தொகுதியில எம்.எல்.ஏ. ராஜினாமா, நவம்பர்ல இடைத்தேர்தல். அவர் நல்லா செய்தாரா இல்லையாங்கறது வேற பேச்சு. 2021 ஜனவரியில நமச்சிவாயம் பா.ஜ.க. போனார், பிப்ரவரி 22 ஆட்சியே போச்சு. அந்த வருஷத் தேர்தல்ல காங்கிரசுக்கு ரெண்டு இடம், லாஸ்பேட்டையும் மாஹேயும்.

ரெண்டு தடவையும் தொண்டன்கிட்ட ஒரு ஓட்டு வெச்சிருந்தா கட்சி உடைஞ்சிருக்காது. தோத்தவன்கூட "பெரும்பான்மை சொல்லிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போயிருப்பான். கடுதாசி வந்து தோத்தவனுக்கு ஆத்தறதுக்கு வழியே இல்ல.

வில்லியனூர் வக்கீல்:
ஐயா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்துப் பேசுகிறீர்கள். 2008, 2016 இரண்டுமே முதலமைச்சர் தேர்வு. அது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவி, சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவில் நிற்பது. முத்தியால்பேட்டை கேட்பது கட்சியின் மாநிலத் தலைவர் பதவி. ஒன்டாரியோவில் கட்சித் தலைவரே ஆட்சி வந்தால் பிரீமியர் (மாகாண முதலமைச்சர்), ஒரே நாற்காலி. இங்கே இரண்டு நாற்காலி. உறுப்பினர்கள் லட்சம் ஓட்டில் மாநிலத் தலைவரைத் தேர்ந்தெடுத்தாலும், தேர்தல் முடிந்த மறுநாள் எம்.எல்.ஏ.க்களைக் கூட்டி மேலிடப் பார்வையாளர் வேறு பெயரைச் சொல்ல முடியும். 2016-இல் கட்சித் தலைவருக்கு நடந்தது அதுதானே?

நெல்லித்தோப்பு மூத்தவர்:
முடியும் தம்பி. ஆனா ஓட்டுல ஜெயிச்ச தலைவனத் தாண்டிப் போறது அவ்வளவு சுலபம் இல்ல. கடுதாசியில வந்தவனக் கடுதாசியிலயே ஓரங்கட்டலாம். எல்லாத் தொகுதியிலயும் ஓட்டு வாங்கி வந்தவனத் தொட்டா, ஓட்டுப் போட்டவன் ஏன்னு கேப்பான்.

ஸ்கார்பரோ பாண்டிக்காரர்:
இங்கே ஒன்டாரியோவில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், ஊர் லாஸ்பேட்டை. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2018 மார்ச்சில் ஒன்டாரியோ கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் தேர்தல். கிறிஸ்டின் எலியட் அதிக ஓட்டும் வாங்கினார், அதிகத் தொகுதிகளிலும் முந்தினார். தலைவரானது டக் ஃபோர்டு, காரணம் முத்தியால்பேட்டை சொல்வது போன்ற தொகுதிக்கு 100 புள்ளிக் கணக்கு. மூன்றாவது சுற்றில் ஃபோர்டுக்கு 6,202, எலியட்டுக்கு 6,049. ஓட்டில் பார்த்தால் எலியட் இரண்டாயிரத்துக்கு மேல் முன்னிலை. மூன்றே மாதத்தில் ஃபோர்டு பிரீமியர். அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்புதான், கட்சி இரண்டு லட்சம் என்று சொல்லிவந்த உறுப்பினர் எண்ணிக்கை உண்மையில் ஒன்றே கால் லட்சம் சொச்சம் என்று வெளியே வந்தது.

2023 லிபரல் தேர்தலில் லட்சத்துக்கு மேல் உறுப்பினர். ஓட்டுப் போட்டது 23 ஆயிரத்துக்கும் குறைவு. புதிதாக உறுப்பினர் சேர்ப்பவரிடம் பலம் போய்ச் சேர்வது இங்கேயும் உண்டு, நம் தமிழர்கள் வட்டாரத்திலும் படிவத்தோடு வருவார்கள். இத்தனைக்குப் பிறகும் நான் நேரடி ஓட்டையே ஆதரிக்கிறேன். எலியட் ஆதரவாளர்கள் கொதித்தார்கள், மறுநாள் எலியட் முடிவை ஏற்றார், அந்த அமைச்சரவையிலேயே துணைப் பிரீமியராக இருந்தார். கட்சி உடையவில்லை.

வில்லியனூர் வக்கீல்:
நீங்கள் கொடுத்த கணக்கே என் வாதத்துக்கு ஆதாரம். புள்ளி முறையில் சின்ன தொகுதியின் ஓட்டுக்கு விலை அதிகம். மாஹேயில் ஒரு கட்சிக்கு உண்மையான உறுப்பினர் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 31 பேரைப் பிடித்தால் 50 புள்ளிக்கு மேல். வில்லியனூரில் அதே புள்ளிக்கு ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டும். பணம் வைத்திருப்பவன் எங்கே போவான்?

ஸ்கார்பரோ பாண்டிக்காரர்:
அதற்கு இங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள். 2018 தேர்தலில் ஒரு தொகுதியில் நூறு ஓட்டுக்குக் கீழே பதிவானால் ஓட்டுக்கு ஒரு புள்ளி மட்டும்தான். நூறு தாண்டினால்தான் முழு 100 புள்ளி.

கெடிலக்கரை:
கடலூரிலிருந்து. உறுப்பினர் ஓட்டு என்பது தமிழகத்துக்குப் புதிது இல்லை. அ.தி.மு.க.வில் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் என்ன செய்தார்கள்? போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், பத்தாண்டு உறுப்பினராகவும் ஐந்தாண்டு தலைமைக் கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வு. உறுப்பினர் ஓட்டு விதியில் அப்படியே இருக்கிறது, ஓட்டுப் போடும் நாள் வரவில்லை. தி.மு.க.வில் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது, 2018 ஆகஸ்ட் 28-இல் ஸ்டாலினும் போட்டியின்றித்தான்.

என் கவலை இன்னொன்று. எங்கள் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் என்றாலே சாதி வாரியாகத் தலையெண்ணிக்கை ஆரம்பித்துவிடும். மேலிடம் நியமித்தால் சில சமயம் எண்ணிக்கை குறைந்த சமூகத்து ஆளும், வெளியூர் ஆளும் தலைவராக முடிகிறது. நேரடி ஓட்டில் அது நடக்குமா? பாண்டிக்கும் இதே கேள்விதான்.

முத்தியால்பேட்டை:
இதற்குத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். வேட்புமனுவுக்கு 10 மாவட்டச் செயலாளர் வேண்டும் என்றால் அது தேர்தலே இல்லை. என் திட்டத்தில் 200 சாதாரண உறுப்பினர் கையெழுத்து போதும், நான்கு பிராந்தியத்திலும் கொஞ்சம் பேர் இருக்க வேண்டும். சாதிக் கேள்விக்கும் அதுவே பதில். 30 தொகுதியிலும் ஒரே சமூகம் பெரிசாக இல்லை. மாஹே மலையாளம், ஏனாம் தெலுங்கு, காரைக்காலில் முஸ்லிம்கள் கணிசம். புள்ளி முறை என்றால் ஒரு சமூகத்தை மட்டும் நம்பி யாரும் 1,501 புள்ளி எடுக்க முடியாது.

போலிப் படிவத்துக்கு வருகிறேன். வக்கீல் சார், 2021-இல் புதுச்சேரி முழுக்க வாக்காளர் பத்து லட்சம். தொகுதிக்குச் சராசரி 33 ஆயிரம் சொச்சம். இங்கே எம்.எல்.ஏ.வுக்குக் காதுகுத்தும் தெரியும், எட்டாம் நாள் காரியமும் தெரியும். இவ்வளவு சின்ன இடத்தில் உறுப்பினர் பட்டியலைப் பூத் வாரியாகத் தெருவில் ஒட்டினால் இரண்டே நாளில் எல்லாப் போலியும் வெளியே வந்துவிடும். செத்துப்போனவர் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக் கொடுப்பார். ஓட்டெடுப்புக்கு ஆறு மாதம் முன்பே சேர்க்கையை நிறுத்திவிட வேண்டும். தகராறு வந்தால் அடுத்த பிராந்தியத்து ஆட்கள் விசாரிக்கட்டும், பாண்டி புகாரைக் காரைக்கால் பார்க்கட்டும்.

வில்லியனூர் வக்கீல்:
சின்ன இடம் என்பதுதான் என் பயமே. 33 ஆயிரம் பேர் இருக்கிற தொகுதியில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது தொகுதிக்காரருக்குத் தெரிந்துவிடும். 2021-இல் ஆறு சுயேச்சைகள் ஜெயித்தார்கள், 30-இல் ஆறு. ஏன்? இங்கே ஓட்டு கட்சிக்கு இல்லை, அந்த மனிதருக்கு. முதியோர் பென்ஷன் மனு, பையனுக்கு வேலை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அவர் வழியாகப் போகிறது. அந்த உறுப்பினர் அவர் கை காட்டாத ஆளுக்கு ஓட்டுப் போட மாட்டார். ஆக உங்கள் தேர்தலில் வாக்காளர் முப்பது பேர்தான். டெல்லியில் ஒருவர் முடிவு செய்வதற்குப் பதில் இங்கே முப்பது பேர் பேரம் பேசுவார்கள். டெல்லிக்காரருக்காவது அடுத்த தேர்தலில் கட்சி ஜெயிக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கும்.

திருநள்ளாறு:
சார், அந்த முப்பது பேர் இப்பவும் டெல்லிக்குப் போயி பேரம்தான் பேசறாங்க. ஓட்டுன்னா எங்க கண்ணு முன்னாடி பேசட்டும்.

பள்ளூர் முன்னாள் ஆசிரியர்:
பணியில் இருந்தபோது மாஹேயில் சில வருடம் இருந்தேன். அங்குள்ள கட்சிக்காரர்கள் தினமும் பார்ப்பது கண்ணூர் அரசியலை. பாண்டித் தலைவர் பெயர் மாறினால் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வார்கள். கூட்டத்துக்கு வர பி.ஆர்.டி.சி. பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வர வேண்டும், வந்தால் எல்லாரும் தமிழில் பேசி முடித்துவிடுவார்கள். 2021-இல் காங்கிரஸ் ஜெயித்த இரண்டில் ஒன்று மாஹே என்று மேலே எழுதியிருக்கிறார் பெரியவர். அந்த மாஹே தொண்டர்களிடம் தலைவர் யாராக இருக்கலாம் என்று கேட்டவர்கள் உண்டா? 31 பேரை விலைக்கு வாங்குவார்கள் என்று வக்கீல் சார் பயப்படுகிறார். இன்று அந்த 60 பேரையும் யாரும் விலைக்குக்கூடத் தேடி வருவதில்லை. அங்கேயே பூத் வைத்து, வாக்குச் சீட்டில் மலையாளத்திலும் பெயர் போட்டால் வரிசையில் நிற்பார்கள்.

வில்லியனூர் வக்கீல்:
ஆசிரியர் சொன்ன புறக்கணிப்பு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. என் எதிர்ப்பு வரிசை பற்றியது. முதலில் பட்டியல், பிறகு ஓட்டு. 2022-இல் காங்கிரஸ் தேசியத் தலைவர் தேர்தல் நடந்தது, கார்கே 7,897, சசி தரூர் 1,072. ஒன்பதாயிரம் பிரதிநிதிகளின் பட்டியலைக் காட்டுங்கள் என்றுதான் அந்தத் தேர்தலில் முதல் சண்டையே வந்தது. எந்தக் கட்சியாவது ஒரே ஒரு தொகுதியில் தன் உறுப்பினர் பட்டியலை வெளியே ஒட்டட்டும், ஆட்சேபம் கேட்டுத் திருத்தட்டும். அந்தத் தொகுதியில் வட்டாரத் தலைவரை ஓட்டில் தேர்ந்தெடுக்கட்டும். அது நடக்கும்வரை மாநிலத் தலைவருக்கு நேரடி ஓட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முத்தியால்பேட்டை:
ஒரு தொகுதியில் ஆரம்பிப்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தேதி வேண்டும். தேதி போடாமல் "முதலில் பட்டியல்" என்றால் அடுத்த கடிதமும் வந்துவிடும், அதற்கடுத்த கடிதமும் வந்துவிடும்.

நெல்லித்தோப்பு மூத்தவர்:
எங்க தொகுதியில ஒட்டச் சொல்லுங்க. என்கிட்ட பழைய உறுப்பினர் ரசீதுக் கட்டு இருக்கு, ஒப்பிட்டுப் பாக்க நான் வந்து உக்காந்துக்கறேன். வக்கீல் தம்பி, ஆட்சேப மனுவுக்கு என்ன மாதிரி படிவம் வேணும்னு நீங்க எழுதிக் குடுங்க.